உள்ளங்காலைக் கேள்வி கேட்டவர்

வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார். ஆளை அப்புறம்தான். சேலத்தில் அவருடைய வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வந்ததும் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். ஏதாவது ஒன்றின் நுனி மட்டும் தேய்ந்திருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்து, "இது யாரோடதுங்க?" என்பார். செருப்புக்காரர் பதறிப்போய், "ஐயோ, அதப் போயி நீங்க கையில எடுக்கறதுங்களா!" என்று வாங்க ஓடி வருவார். அந்த நாலு எட்டு நடையில் டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

அவர் நரம்பு வைத்தியம் படித்தவர். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் சாவி டாக்டர் என்று சொன்னோம். அவருடைய வீட்டுக் கதவின் பித்தளைச் சாவி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். விரல் நீளம், முனை மழுங்கியது. நோயாளியைப் படுக்கவைத்து, அந்த முனையால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுப்பார். கட்டைவிரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். மூளையிலிருந்து காலுக்கு வரும் வழி சரியாக இருந்தால் விரல் கீழே மடங்குமாம். வழியில் எங்கோ பழுது இருந்தால் மேலே எழுமாம்.

சாவி எதற்கு என்பதை அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். சீமையில் படித்தபோது காலைக் கையால் பிடித்துக்கொண்டு பார்க்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் திரும்பி ஆத்தூர்ப் பக்கத்து ஆட்களின் காலைப் பிடித்தால், பெரியவர் காலைத் தொடுகிறாரே என்று ஒவ்வொருவரும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். சிலர் எழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இழுத்த காலில் விரல் போன திசைக்கு அர்த்தமே இல்லை. அப்படியே பல மாதங்கள் வீணாகப் போயிருக்கின்றன. அப்புறம்தான் கை படாமல் இருக்கச் சாவியை எடுத்தார். அதோடு ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது: "நான் உங்களக் கும்பிடலைங்க. உங்க காலை ஒரு கேள்வி கேக்கறேன். காலே பதில் சொல்லட்டும், நீங்க சும்மா படுத்திருங்க."

கேள்வி கேட்டு முடித்த பிறகு அவர் அதிகமாகச் சொன்ன வார்த்தை, "தெரியலைங்க" என்பது. உடனே அடுத்த வார்த்தை, "மறுபடி வரேன்." இந்த இரண்டும் சேர்ந்துதான் அவர்.

டாக்டர் என்று இருப்பவர் தெரியாது என்று சொல்லலாமா? ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பண்ணையக்காரர் என் கண்முன்னாலேயே சத்தம் போட்டார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு நான் சேலத்துக்கு வண்டி கட்டோணுமாக்கும்? எங்கூட்டு ஆடு மேய்க்கறவனே சொல்லிப்போடுவானே!"

"சொல்வாருங்க. ஆனா அவரு ஒரு தடவ சொல்லிட்டு ஆட்டப் பாக்கப் போயிடுவாரு. நான் மறுபடி வந்து உங்களப் பாத்துட்டுச் சொல்வேன்" என்றார் டாக்டர். பண்ணையக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொன்னபடியே டாக்டர் அவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸின் கூரையில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து, ரோட்டில் இறங்கி, மிதித்துக்கொண்டு போவார்.

அவர் தேடியது ஒரே ஒரு நோயை. இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். அன்று இங்கிலீஷில் வேறு பெயர். அது குளிர்நாட்டு நோய், நம்மைப் போன்ற வெயில் நாட்டில் கிடையாது என்று புத்தகங்களில் எழுதியிருந்ததாம். பார்க்காமல் எப்படிக் கிடையாது என்று சொன்னார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகவே சேலம் ஜில்லாவை வருஷக்கணக்கில் சுற்றினார். ஜலகண்டாபுரத்தில் ஒரு நெசவுக்காரருக்கு ஒரு கண் மங்கி, தானாகத் தெளிந்து, அடுத்த வருஷம் கை மரத்துப்போனது. அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தபோதுதான் நோயை விளக்க நல்ல உவமை கிடைத்தது என்பார். பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்களே, அதுபோல் நரம்புக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு. அது அங்கங்கே உதிர்ந்துபோகிறது. நூல் அறுவதில்லை, ஆனால் ஓட்டம் சிக்குகிறது. சில சமயம் பூச்சு கொஞ்சம் திரும்பி வருகிறது, மறுபடியும் உதிர்கிறது. "ஏன் உதிருதுங்க?" என்று நெசவுக்காரர் கேட்டாராம். "தெரியலைங்க."

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது. மறைத்து ஆவது ஒன்றுமில்லை.

நான் திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டு நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன். சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில், வசதி குறைந்த ஒரு குடும்பத்தில் பெண் எடுத்தோம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் மனைவிக்கு ஒரு கண் மங்கியது. ஒரு மாதத்தில் சரியானது. அப்புறம் காலில் பலமில்லை என்றாள். நடந்தால் இழுத்தது. என் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. காத்து கருப்பு என்றாள், கண்ணேறு என்றாள், மந்திரித்துக் கட்டினாள். தினமும் காலையில் நொச்சித்தழை போட்டு அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, மருமகளின் இடுப்பிலும் காலிலும் தன் கையாலேயே ஊற்றினாள். செவ்வாய், வெள்ளியில் தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்பு இலைத்தூள் தேய்த்து, அதே வெந்நீர். அப்படியும் தேறவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு நான் தோட்டத்திலிருந்து வரும்போது துணிபோலக் கிடப்பாள். வெயில் தாழ்ந்தால் மெல்ல எழுந்து நடமாடுவாள். பிறந்த வீட்டுக்கு அனுப்பினால் அங்கே நன்றாகவே நடந்தாள்.

இதில் மூடநம்பிக்கைக்காரியான என் அம்மா, அவள் நிஜமாகவே முடியாமல் கிடக்கிறாள் என்று நம்பினாள். படித்த நான்தான் நம்பவில்லை. நான் தர்க்கம் படித்தவன். வேலை இருக்கும் நேரத்தில் கால் வராது, வேலை முடிந்ததும் வரும். புகுந்த வீட்டில் வராது, பிறந்த வீட்டில் வரும். இதற்கு ஒரே விடைதான் உண்டு, அவள் நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

என் பெரியப்பாவும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "பொறந்தூட்டுல ஓடறா, இங்க வந்தா இழுக்கறா. இந்தக் கூத்துக்கு எத்தன நாளைக்குச் சுடுதண்ணி காச்சறது? தை பொறக்கட்டும், வேற இடம் பாத்துப்போடலாம். இவ அவங்கம்மா ஊட்டுலயே இருந்துக்கட்டும்." அம்மா அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெரியப்பா பெண் பார்க்கவே தொடங்கிவிட்டார். அது சம்மதம்தான்.

அதற்கும் மேலே ஒன்று செய்தேன். ஒரு நாள் காலை அவள் கட்டிலில் கிடந்தபோது வாசற்படியில் நின்று, "பாம்பு! கட்டிலுக்கு அடியில பாம்பு!" என்று கத்தினேன். நடிக்கிறவளாக இருந்தால் ஓடுவாள் அல்லவா? அவள் உருண்டு கீழே விழுந்தாள். முழங்கையை ஊன்றி ஊர்ந்துகொண்டே, "மாமா, நீங்க உள்ள வராதீங்க! வராதீங்க மாமா!" என்று கூவினாள். அதைப் பார்த்தும் நான் நம்பவில்லை. பாம்பு பொய் என்று கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் ஓடவில்லை என்று அதற்கும் ஒரு தர்க்கம் வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் நச்சரிப்பால்தான் சாவி டாக்டரைக் கூப்பிடப் போனேன். அவர் வாயால் நோய் இல்லை என்று வந்துவிட்டால் தை மாதக் காரியம் சுலபமாகும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அவரிடம் இங்கிலீஷில் பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு விவரித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தமிழில் சொன்னார்: "நீங்க முடிவச் சொல்லிட்டீங்க. பாத்ததச் சொல்லுங்க." எதையும் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "சரி, நானே வரேன்" என்றார்.

ஒரு சாயங்காலம் வந்தார். அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்ததும், என் மனைவி எல்லோரையும் போலக் காலை இழுத்துக்கொண்டாள். "ஐயோ சாமி, காலத் தொட்டுப்போடாதீங்க. எனக்குப் பாவம் வந்து சேருமுங்க."

"நான் எங்கம்மா தொடறேன்? சாவிதான் தொடுது."

"இந்தச் சாவிக்குப் பூட்டு எங்கீங்க?"

"எங்க வீட்டுக் கதவுல. சாவி இங்க இருக்கறதால வீடு எப்பவும் தொறந்தேதான் கெடக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பில் கால் தளர்ந்ததும் கோட்டை இழுத்துவிட்டார். கட்டைவிரல் மெதுவாக, ஏதோ தூக்கத்திலிருந்து எழுவதுபோல, மேலே எழுந்தது. இரண்டு காலிலும் அப்படியே. ஒரு சின்னக் கருவியால் கண்ணுக்குள்ளேயும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கூடத்தில் எங்கள் எல்லோரிடமும் சொன்னார்: "இது நோய்தாங்க. கட்டைவிரலுக்கு நடிக்கத் தெரியாது."

பெரியப்பா விடவில்லை. "அப்ப அவிய அம்மா ஊட்டுல மட்டும் எப்பிடிங்க நடக்கறா?" அது என்னுடைய கேள்விதான். அவர் வாயால் வந்தது.

டாக்டர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தெரியலைங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பார்த்தாயா, இவ்வளவுதான் இந்த டாக்டர் என்று அர்த்தம். மார்கழி பிறக்க அதிக நாள் இல்லை. என் மனைவி உள்ளே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் இடம் இந்த வீட்டில் நிற்குமா என்பது அந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்று அவளுக்கும் தெரியும்.

"தெரியல. ஆனா மறுபடி வரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் முடிவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் சைக்கிளை எடுத்தார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பார்த்தது பெரியப்பாவை அல்ல, என்னை.

மறுபடி வந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அவளை அங்கே அனுப்பியிருந்தபோது கொண்டப்பநாயக்கன்பட்டிக்கும் போனார். என் மாமியாரிடம் என்னென்னவோ கேட்டாராம். என்ன சாப்பிடுகிறாள், எந்த மூலையில் படுக்கிறாள், எப்போது எழுகிறாள், எழுந்ததும் என்ன செய்கிறாள். "கெணத்துல ரண்டு வாளி சேந்தி ஊத்திக்குவாளுங்க. காச்சறதுக்கு வெறகுக்கு எங்க போறது?" என்று மாமியார் சொன்னதை அப்போது அவரும் கவனிக்கவில்லையாம். பிற்பாடு அதைத் தன் முட்டாள்தனம் என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். என் மனைவி அப்போது பிறந்த வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். கொல்லைப்பக்கம் ஓலை மறைப்புக்குள் தண்ணீர் வார்த்துக்கொள்ள, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போனாள். டாக்டர் மாட்டுக்கொட்டகைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா ஊற்றும் சத்தம் கேட்டது. ஆவி ஓலைக்கு மேலே எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்: "சாமி, வந்து ஒரு கை புடி. அம்மணிக்குக் கால் நிக்க மாட்டேங்குது." நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். கண்ணும் மங்கலாக இருக்கிறது என்றாள்.

டாக்டர் மோர்ச் சொம்பைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

அன்று அவர் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்தே இருந்தார். ஈரம் காய்ந்து, உடம்புச் சூடு தணிந்து, அவள் மறுபடி எழுந்து நடந்து சமையலறைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மாவிடம் கேட்டார்: "நாளைக்குப் பச்சத்தண்ணி ஊத்துவீங்களா?"

"பச்சத்தண்ணியா! இந்த ஒடம்புக்கா? சன்னி கண்டுபோகுமுங்க சாமி."

"நான் இங்கயே இருக்கேன். எது வந்தாலும் என்னைய வந்து சேரட்டும்."

மறுநாள் கிணற்றுத் தண்ணீரை அம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊற்றினாள். நாங்கள் எல்லோரும், பெரியப்பா உட்பட, ஓலை மறைப்புக்கு முதுகைக் காட்டி, கொட்டகையைப் பார்த்து நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஓலைப்படல் திறக்கும் சத்தம். ஈரப்புடவையின் சரசரப்பு. அம்மாவின் குரல் இல்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் ஒருவர்தான் திரும்பாமல், தரையைப் பார்த்தபடி, காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அது எங்களைத் தாண்டி, வாசற்படி ஏறி, வீட்டுக்குள் போனது.

அம்மா படலைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நாந்தான் அவளக் கெடுத்தனுங்களா சாமி? என் கையாலயே ஊத்துனனே!"

டாக்டர் அவள் எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இல்லீங்கம்மா. சுடுதண்ணி நோயக் கொடுக்கல. இருக்கற நோய வெளிய காட்டுச்சு, அவ்வளவுதான். சூடு தணிஞ்சா அதுவும் போயிடும். நீங்க ஊத்தலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமோ போங்க, உங்க படிப்புக்கு எங்கூட்டு நொச்சித்தழ ஒதவுச்சா?" என்றாள்.

"சுடுதண்ணி ஊத்தறத நிறுத்திட்டா நோய் போயிடுமுங்களா?" என்று பெரியப்பா கேட்டார். போகாது, வரும், தணியும், மறுபடி வரும், மருந்து தனக்குத் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, தைக்கு நெல்லு அறுப்பு இருக்குது. வேற சோலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு அப்படித்தான் முடிவுக்கு வரும்.

அன்று ரோடு வரைக்கும் அவர் சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு போனேன். பாம்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நடிப்புன்னு நெனச்சது தப்பில்லைங்க. அதுவும் ஒரு யோசனதான்" என்றார். "ஒரு தடவ பாத்துட்டு, மறுபடி பாக்காம விட்டீங்களே, அதுதான் தப்பு." கொஞ்ச தூரம் நடந்தபின், "அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வராத வருஷம் இல்லை. வருவார், செருப்பைக் கழற்றுவார், சாவியை எடுப்பார், காலைக் கேட்பார். கிளம்பும்போது என்னைத் தனியாகப் பார்த்து, தாழ்ந்த குரலில், "சொல்லியாச்சுங்களா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். "சரி, மறுபடி வரேன்." யுத்தம் வந்து, பெட்ரோல் இல்லாமல் கரியடுப்பு வைத்த பஸ்ஸில் முகமெல்லாம் புகை படிய வந்து இறங்கியபோதும் அதையே கேட்டார். எங்கள் பெண் பிறந்து தொட்டிலில் கிடந்தபோதும் கேட்டார். குற்றவாளியைக் கேட்பதுபோல் கேட்டால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். மழை பெய்ததா என்று கேட்பதுபோலத்தான் கேட்பார்.

அந்த வருஷங்களில் அவர் எங்கள் வீட்டையும் ஜலகண்டாபுரத்தையும் இன்னும் சில வீடுகளையும் பற்றி எழுதிச் சீமைக்கு அனுப்பினார். அங்கிருந்து, இது அந்த நோயாக இருக்க முடியாது, வேறு ஏதாவது இருக்கும் என்று பதில் வந்தது. வருத்தமில்லாமல் அதை எங்களிடம் சொன்னார். நல்ல கேள்விகள் சில கேட்டிருக்கிறார்கள், அவற்றையும் பார்க்க வேண்டும் என்றார். என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ற காலப் பாக்காமயே வெள்ளக்காரன் இல்லைன்னுட்டானுங்களா? ஒரு நடை இங்க வரச் சொல்லுங்க. சாவிய நானே குடுக்கறேன்."

அவளுக்கு நோய் போகவில்லை. இரண்டு முறை கடுமையாக வந்தது. பிறகு கோல் ஊன்றித்தான் நடந்தாள். ஆனால் கோபமில்லாத வீட்டில் நடந்தாள். தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் அவள் சொல்படிதான். காலையில் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி அவளுக்கு ஊற்றுவது என் வேலையாகியிருந்தது. அம்மா கிழவியாகிவிட்டாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, என் மனைவி தலையில் அரப்பை அலசிக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாமல் இருந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். பாம்பு இல்லை. உன்னைச் சோதிக்கத்தான் கத்தினேன்.

அலசும் கை நின்றது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை நிமிராமலே, "ரண்டு நாளு எங்கூடப் பேசாதீங்க" என்றாள். இரண்டு நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் வாளியோடு போனதும் அவளே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க மாமா. இனி எப்பவாச்சும் பாம்புன்னு கத்தறதா இருந்தா, மொதல்ல ரண்டு வாளி பச்சத்தண்ணிய ஊத்திப்போட்டுக் கத்துங்க. ஓடிக் காட்டறேன்."

அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. ஊற்றுங்கள் என்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். ஊற்றினேன்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது சாவியை எடுத்தார். கோடு இழுத்தார். "இன்னும் மேலதான் போகுதுங்களா?" என்று கேட்டாள். "மேலதான் போகுது." "கழுத, சொன்னாக் கேட்டாத்தானே" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவர் மோர் குடித்தார், பெண்ணின் தலையைத் தடவினார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோடு வரைக்கும் போனேன். அவர் கேட்பார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். ஜலகண்டாபுரத்து நெசவுக்காரரின் கண்ணைப் பற்றி, சோள விளைச்சலைப் பற்றி, புதிதாக வந்த ஒரு நோயாளியைப் பற்றி எல்லாம் பேசினார். அதை மட்டும் கேட்கவில்லை.

எங்கள் இருவரையும் அரை மணி நேரம் ஒன்றாகப் பார்த்திருந்தார். அவருக்கு அது போதும்.

பஸ் வந்தது. சைக்கிளைக் கூரையில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மறுபடி வரேன்" என்றார்.

வந்தார்.